முன்வாசல் திறந்த கப்பல்

அத்தியாயம் 3

"இந்தக் கப்பல் கிரீஸில ஓடேல்லை, பேபி."

இக்னேசியஸ் இதைச் சொன்ன நேரம் பேபி காரை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்தான். அவள் கண்ணாடியில் அவனை முறைத்துவிட்டுச் சொன்னாள்.

"கப்பலை விடுங்கோ அண்ணை. இந்த லொறி எங்கட முதுகில ஓடுது, அதை முதல் பாருங்கோ."

பேபிக்கு ஐம்பத்திரண்டு வயது. கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்று, முழங்கால் தேய்ந்த பிறகு துப்பறிவாளர் இக்னேசியஸிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். காரும் அவளுடையது, வாயும் அவளுடையது. இக்னேசியஸுக்கு அறுபத்து நாலு. துப்பறியும் உரிமம் எடுப்பதற்கு முன், இளவயதில், பதினொரு வருடம் கிரேக்கக் கப்பல்களில் வேலை செய்த மனிதர். அந்த நாட்டுக் கடலைப்பற்றி அவர் வாய் திறந்தால் பேபி வழக்கமாக வானொலியைப் போடுவாள். இன்று போடவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு இருவரும் ரொறன்ரோவுக்கு அருகே பிக்கரிங்கில், வேலையைத் தந்த நிரூபனின் வீட்டில் இருந்தார்கள். இருந்தார்கள் என்பது பேச்சுக்கு. அவன் அவர்களை இருக்கச் சொல்லவுமில்லை, தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவுமில்லை. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கத்தினான்.

"மூண்டு நாள் ஆச்சு. என்ர மனிசி கிரீஸில ஆரோட நிக்கிறா எண்டு கண்டுபிடிக்க மூண்டு நாள் காணாதோ? பாஸ்போர்ட்டும் கையுமா, என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லாமல் போனவ. மாமிக்கு மட்டும் மெசேஜ் வருது. எனக்கில்லை!"

மனைவியின் பெயர் லக்ஷிகா. வயது இருபத்தெட்டு. அவளைப்பற்றி நல்லதாக ஒன்றாவது சொல்லும்படி இக்னேசியஸ் கேட்டதற்கு, அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடக்கைக்காறி. இடக்கையாலதான் தேத்தண்ணி தருவாள். எத்தினை தரம் சொன்னனான், கேட்டாளா?" என்றான்.

அவள் தன் தாய் தங்கேஸ்வரிக்கு அனுப்பியவை இரண்டே இரண்டு: ஒரு குரல் செய்தி, ஒரு படம். தாய் அவற்றை அப்படியே மருமகனுக்கு அனுப்ப, மருமகன் இவர்களுக்கு அனுப்பியிருந்தான். இக்னேசியஸ் கைபேசியை மடியில் வைத்துக் குரல் செய்தியை மறுபடி ஓடவிட்டார். காற்று இரைந்தது. சிரிக்க முயன்று சிரிப்பு வராத ஒரு குரல் பேசியது.

"அம்மா, நான் நல்லா இருக்கிறன். இப்ப இராக்லியா எண்டொரு குட்டித் தீவில இருந்து ஸ்கினூசா எண்ட மற்றத் தீவுக்குப் போறம். பதினைஞ்சு நிமிசம்தான். அந்தா, கப்பல் நேர போய்க் கரையில முட்டுது. முன் கேற் திறக்குது, எல்லாரும் இறங்கீனம். வரேக்க ரிக்கெற்றும் கேக்கமாட்டினமாம். யோசிக்காதைங்கோ அம்மா."

"கேட்டீரோ?" என்றார் இக்னேசியஸ். "நேர போய் முட்டுதாம். முன் கேற்றாம். அந்தச் சின்னத் தீவுகளில கப்பல் அப்பிடி வராது. துறைக்குள்ள வந்து சுத்தித் திரும்பி, பின்பக்கத்தாலதான் கரைக்கு வரும். பின்கதவுதான் பாலம் மாதிரி இறங்கும்."

"கோவத்தோட கலியாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. முகத்தைக் காட்டாது."

"அடுத்தது ரிக்கெற். அங்க ஏறுற ஒவ்வொரு தரமும் காட்டவேணும். போக ஒண்டு, வர ஒண்டு. போகேக்க மட்டும் வாங்கிப்போட்டு வரேக்க சும்மா வாற கப்பல் எனக்குத் தெரிய ஒண்டுதான்."

பேபி காரைச் சிவப்பு விளக்கில் நிறுத்தினாள். அவள் வாய் ஒரு கணம் திறந்தபடியே நின்றது.

"எங்கட டவுன்ரவுண் ஃபெரி! பே ஸ்ட்ரீட் அடியில ஏறுறது! அண்ணை, அவ ரொறன்ரோவிலயா நிக்கிறா?"

"நிண்டவ. அந்தப் படத்தைப் பாரும்."

படத்தில் நீலத் தண்ணீர், வெள்ளைக் கம்பி, ஒரு பெண்ணின் கை. கையில் பாதி கடித்த ரோல்ஸ் ஒன்று.

"கிரேக்கப் பலகாரமா இருக்கும்" என்று பேபி தொடங்கினாள். பிறகு படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "கர்த்தரே, உது கிளடிஸ் அன்ரி கடையின்ர மட்டன் ரோல்ஸ்!"

"நீர் சைவக்காறி. ஏன் என்ர ஆளைக் கூப்பிடுறீர்?"

"ரோல்ஸ் அவவின்ரது, அவ உங்கட வேதக்காறி, அதான். இஞ்ச பாருங்கோ, நுனியில பெருவிரலால அமத்தின பள்ளம். மட்டனுக்கு மட்டும்தான் அமத்துவா. மரக்கறிக்கு அமத்தமாட்டா. விரதகாறர் மாறிக் கடிச்சிடக் கூடாதெண்டு. வேற கடையில உது இல்லை. பாத்தியளோ, எங்கட சனம் கப்பலேறினாலும் ரோல்ஸ் இல்லாமல் ஏறாது."

"அந்தப் பள்ளம் எந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு?"

"இடப்பக்கம். செல்ஃபி எண்டால் திருப்பிக் காட்டும் அண்ணை. அதெல்லாம் ஒரு துப்பா?"

பேபியின் கைபேசி கிணுங்கியது. திரையில் ஆங்கிலத்தில் ஏதோ அறிவிப்பு. அவள் வாசிக்காமல் விரலால் தள்ளிவிட்டாள்.

"மூண்டு நாளா இதே கரைச்சல். ஃபோன் கொம்பனிக்காறன் என்னத்தையோ என்ர தலையில கட்டப் பாக்கிறான்."

முன்கண்ணாடியின் கீழே இரண்டு சிலைகள் ஒட்டியிருந்தன. ஒன்று இக்னேசியஸ் வாங்கி வைத்த மாதா. மற்றது விரல் உயரப் பிள்ளையார். முதல் நாள் வேலையை ஒப்படைத்தபோது, "எனக்காக ஓடித் திரியிறியள், காருக்குள்ள இருக்கட்டும்" என்று நிரூபன் கொடுத்தது. அவன் செய்த ஒரே மரியாதை அதுதான். பேபி பிள்ளையாரை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அஜின்கோர்ட் பக்கம் காரைத் திருப்பினாள்.

கிளடிஸ் அன்ரியின் கடை ஒரு வரிசைக் கட்டடத்தின் மூலையில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அகலமான பெண், அறுபது வயதிருக்கும். பேபி இருபது வருட வாடிக்கை. அதனால் ஒரு சிரிப்பையாவது எதிர்பார்த்தாள்.

"அன்ரி, எப்பிடிச் சுகம்?"

"வாங்கிறதெண்டால் வாங்கு. கதைக்கிறதெண்டால் வெளியில போய்க் கதை."

"நாலு மட்டன் ரோல்ஸ். இதோட இந்தப் பிள்ளையைக் கண்டனீங்களோ?" பேபி லக்ஷிகாவின் படத்தைக் காட்டினாள்.

கிளடிஸ் படத்தைப் பார்க்கவேயில்லை. "காணேல்லை."

"பாத்திட்டுச் சொல்லுங்கோவன்."

"பாக்காமலே தெரியும். காணேல்லை. உந்தக் கிழவர் ஏன் என்ர பெட்டியில மூக்கைத் தேய்க்கிறார்?"

இக்னேசியஸ் கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்து நின்று தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"பேபி, இந்த ரோல்ஸ் ஒண்டும் செல்ஃபி எடுக்கேல்லைத்தானே?"

பேபி குனிந்தாள். தட்டில் முப்பது மட்டன் ரோல்ஸ் இருக்கும். பாதியில் பெருவிரல் பள்ளம் வலப்பக்கம் சரிந்திருந்தது. மற்றப் பாதியில் இடப்பக்கம்.

"குசினிக்குள்ள இரண்டு பேர் உருட்டினம்" என்றார் இக்னேசியஸ் மெதுவாக. "ஒராள் இடக்கை."

கிளடிஸின் முகம் கறுத்தது. அவள் பெட்டியைச் சுற்றி வெளியே வருவதற்குள் இக்னேசியஸ் குசினி வாசல் திரையை விலக்கிவிட்டார்.

உள்ளே எண்ணெய் கொதித்தது. அதன் முன்னால் லக்ஷிகா நின்றாள். தலையில் வலை, இடக்கையில் எண்ணெய் வடிக்கும் நீண்ட கரண்டி. கரண்டி நுனியிலிருந்து சூடான எண்ணெய் சொட்டியது.

"ஸ்டெப் பாக்! கிட்ட வந்தால் ஊத்துவன்!"

"ஊத்தும் பிள்ளை, ஆனா இந்தச் சட்டை புதிசு" என்றாள் பேபி. யாரும் சிரிக்கவில்லை.

"ஆர் அனுப்பினது? நிரூபனா? எவ்வளவு நாளா என்ர பின்னால திரியிறியள்?"

"மூண்டு நாள்" என்றார் இக்னேசியஸ். "நீங்கள் ஆரோடயோ ஓடிப்போயிட்டீங்கள் எண்டு உங்கட மனிசன் சொன்னவர்."

"ஓடினனான். ஆரோடயும் இல்லை. தனிய ஓடினனான்." அவள் கரண்டியைத் தாழ்த்தவில்லை. "அம்மாவுக்குச் சொன்னால் மருமகனுக்குச் சொல்லுவா. அவர் நல்லவர், திரும்பிப் போ எண்டு கொண்டுபோய் விடுவா. ஏற்கனவே இரண்டு தரம் விட்டவ. அதுதான் கிரீஸ் எண்டு சொன்னனான். சின்னத் தீவெண்டால் தேடமாட்டினம் எண்டு நினைச்சன்."

பின்னாலிருந்து கிளடிஸின் குரல் வெடித்தது. "இண்டைக்கு நாலு மணிக்கு ரெக்ஸ்டேலில ஒரு பெண்கள் இல்லத்தில இவளுக்கு அறை கிடைக்குது. பத்து நாள் ஒளிச்சு வச்சிருந்தன். கடைசி நாளில நீங்கள் வந்து நிக்கிறியள்! வக்கீல் அம்மா ஆதாரம் கேக்கிறா. அவன் அடிக்கிறவன் இல்லை, பூட்டுறவன். பூட்டுறதுக்குக் காயம் எங்க கிடக்கு, காட்ட?"

பேபி கைபேசியில் இருந்த லக்ஷிகாவின் படத்தை மூடினாள்.

அப்போது இக்னேசியஸின் கைபேசி அடித்தது. அவர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணை" என்றான் நிரூபன். காலையில் இருந்த கத்தல் இல்லை. குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது. "அஜின்கோர்ட்டில என்ன செய்யிறியள்?"

லக்ஷிகாவின் கரண்டி நிலத்தில் விழுந்தது.

"நாங்கள் அஜின்கோர்ட்டில நிக்கிறம் எண்டு ஆர் சொன்னது, தம்பி?"

"சனம் சொல்லும். நானும் பக்கத்திலதான் வாறன். பத்து நிமிசம்."

இக்னேசியஸ் கண்ணை மூடித் திறந்தார். "இங்க வந்து என்ன செய்யப் போறியள்? நாங்கள் ரோல்ஸ் வாங்க நிப்பாட்டினனாங்கள். உங்கட மனிசி தீவில நிக்கிறா. டவுன்ரவுண் ஃபெரியடிக்கு நேர வாங்கோ. நாங்களும் இப்ப வெளிக்கிடுறம்."

"சரி" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

"யூ ப்ரோட் ஹிம்" என்றாள் லக்ஷிகா. "நீங்கள்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்."

அந்த நேரம் பார்த்துப் பேபியின் கைபேசி மறுபடி கிணுங்கியது. லக்ஷிகா அதைப் பறித்துத் திரையை வாசித்தாள்.

"அன்ரி, இதை நீங்கள் வாசிக்கேல்லையா? ஆரோ உங்களோட, நிக்கிற இடத்தைக் காட்டிக்குடுக்கிற ஒரு றாக்கரை அனுப்பியிருக்கினம், அது மூண்டு நாளா உங்களோடயே திரியுது எண்டு போட்டிருக்கு."

பேபி ஓடினாள். முழங்கால் கத்தியது, அவள் கேட்கவில்லை. கார்க் கதவைத் திறந்து பிள்ளையாரைப் பிடித்து இழுத்தாள். பீடத்தின் அடியில் மெழுகு வைத்து மூடிய ஒரு வட்டம். நகத்தால் கிளப்பினாள். காசளவு வெள்ளை வில்லை ஒன்று கையில் விழுந்தது.

"மாதாவைத் தந்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பன்" என்றாள், பின்னால் வந்து நின்ற இக்னேசியஸிடம். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "பிள்ளையாரை ஆர் அண்ணை சோதிக்கிறது?"

"எங்களை மோப்பம் பிடிக்கிற நாயா விட்டிருக்கிறான்" என்றார் இக்னேசியஸ்.

"எறியட்டோ?"

"எறிஞ்சால் இஞ்ச வருவான். அது எங்களோட கப்பலேறட்டும். பிள்ளையாரைத் திரும்ப ஒட்டும். அவரில பிழையில்லை."

கிளடிஸ் தன் வான் வண்டியைப் பின்வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஏறும் முன் லக்ஷிகா இக்னேசியஸின் காதருகே ஏதோ சொன்னாள். குசினிக் காற்றாடியின் இரைச்சலில் பேபிக்குக் கேட்கவில்லை. இக்னேசியஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

ஃபெரியில் கூட்டமில்லை. நாலைந்து சைக்கிள்காரர், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய். பேபி கடதாசிப் பையில் ரோல்ஸைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் நின்றாள். கேற்றை மூடும் நேரத்தில் நிரூபன் ஓடிவந்து ஏறினான். கப்பல் ஊதியது. கரை விலகியது.

அவன் படியால் இரண்டிரண்டாக ஏறி வந்தான்.

"எங்க அவள்?"

"ஸ்கினூசாவில" என்றார் இக்னேசியஸ்.

"என்ன விசர்க் கதை?"

"விசாரிச்சிட்டம் தம்பி. உங்கட மனிசி கிரீஸிலதான் நிக்கிறா. இராக்லியாவில ஏறி ஸ்கினூசாவில இறங்கியிருக்கிறா. தனியத்தான். நாங்கள் ஃபைலை மூடுறம்."

"தீவில நிக்கிறாள், ஃபெரியடிக்கு வா எண்டு நீதானே சொன்னனி, கிழட்டு நாயே!"

"தீவில எண்டுதான் சொன்னனான். எந்தத் தீவெண்டு நீங்கள் கேக்கேல்லை."

நிரூபன் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தான். இக்னேசியஸ் விடுவிக்க முயலவில்லை. அவர் முதுகு கம்பியில் முட்டியது. கீழே ஏரி பச்சையாக ஓடியது.

"அவள் கிரீஸுக்குப் போகேல்லை!"

"மாமி நம்புறா. நானும் நம்புறன். ஏன், நீங்களே சொன்னனீங்கள்தானே, பாஸ்போர்ட்டும் கையுமாப் போனவ எண்டு?"

"எப்பிடியடா போவாள்? அவளின்ர பாஸ்போர்ட் என்ர மேசை லாச்சிக்குள்ள பூட்டிக் கிடக்கு! பாங்க் கார்ட், சேர்ட்டிஃபிக்கெற், எல்லாம் என்னட்ட! வீட்டுப் பூட்டுக்கு நான் திறப்புத் தந்தால்தான் அவள் வாசலைத் தாண்டுவாள்! கலியாணம் கட்டின நாளில இருந்து அப்பிடித்தான்! இனியும் அப்பிடித்தான்!"

இக்னேசியஸ் பேபியைப் பார்த்தார். பேபிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. லக்ஷிகா அவர் காதருகே சொன்னது இந்த லாச்சியைப்பற்றித்தான். அவள் கிரீஸில் இல்லை என்பது இவனுக்கு முதல் நாளே தெரியும். அவள் எங்கே நிற்கிறாள் என்பதுதான் தெரியாது. கப்பலைப்பற்றி விசாரிக்க அல்ல, அவளை முகர்ந்து பிடிக்கத்தான் இவர்களை ஏவியிருக்கிறான்.

பேபி கடதாசிப் பைக்குள் கையை விட்டு, ரோல்ஸுக்குக் கீழே கிடந்த கைபேசியை எடுத்தாள். திரையில் ஒலிப்பதிவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"தம்பி, திரும்ப ஒருக்காச் சொல்லுறியளோ? 'வாசலை' எண்ட இடத்தில ஒரு கடற்காகம் கத்திப்போட்டுது."

நிரூபன் அவள் பக்கம் பாய்ந்தான். பேபி பின்வாங்கவில்லை. தொழிற்சாலையில் இவனைப் போன்ற மேலாளர்கள் மூன்று பேரைப் பார்த்தவள். சத்தம் கேட்டுக் கப்பல் ஊழியர் ஒருவர் படியேறி வந்து, ஏதும் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆறடிக்கு மேல் உயரமான மனிதர். நிரூபனின் கை தானாகக் கீழே இறங்கியது.

"பிரச்சினை இல்லை" என்றாள் பேபி அவருக்கு. பிறகு நிரூபனிடம் வெள்ளை வில்லையைத் தூக்கிக் காட்டினாள். "இது உங்கட சாமான். ஆனா தரமாட்டன். இதுவும் வக்கீல் அம்மாட்டப் போகும்."

கப்பல் நேராகப் போய்த் தீவின் கரையில் முட்டியது. முன் கேற் திறந்தது. நிரூபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் பார்வை கரையில் தெரிந்த மரங்களுக்கும் சின்ன வீடுகளுக்கும் போனது.

"இங்கதான் நிக்கிறாள்" என்றான் பல்லைக் கடித்தபடி. "என்னை ஏமாத்தப் பாக்கிறியள். அந்தப் படம் இதில எடுத்தது. இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கிறியள்!"

"ஐயோ, போகாதைங்கோ தம்பி!" என்று பேபி பதறினாள். அந்தப் பதற்றத்துக்கு நாடகத்தில் முதல் பரிசு கொடுத்திருக்கலாம்.

அவன் சைக்கிள்காரரைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடினான். இருவரும் ஆறுதலாக, அவசரமில்லாமல் இறங்கி, திரும்பிப் போகும் வரிசையின் கடைசியில் நின்று, அதே கப்பலில் மறுபடி ஏறினார்கள். யாரும் ரிக்கெற் கேட்கவில்லை.

கேற் மூடும்போது இக்னேசியஸின் கைபேசி அடித்தது. கிளடிஸ். வணக்கமில்லை, நலம் விசாரிப்பில்லை.

"வந்திட்டம். உள்ள எடுத்திட்டினம். அறைத் திறப்பை அவளின்ர கையிலயே குடுத்தவை. அதை வச்சுப் பாத்துப் பாத்து அழுதுகொண்டிருக்கிறாள். இனி என்ர கடைப் பக்கம் வரக்கூடாது, இரண்டு பேரும்."

"பேபியும் வரக்கூடாதோ?"

"அவள் வரலாம். நீர் என்ர குசினிக்குள்ள கேளாமல் வந்தனீர்." வைத்துவிட்டாள்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. சுற்றித் திரும்பவில்லை. வந்தபடியே, மற்ற முனையை முன்னால் வைத்துக்கொண்டு புறப்பட்டது. இருவரும் மூடிய கேற்றருகே நின்றார்கள். அடுத்த கப்பலுக்கு அரை மணித்தியாலம் இருந்தது. மரங்களுக்கு இடையிலிருந்து நிரூபன் ஓடிவருவது தெரிந்தது. அவன் கரையின் கடைசிக் கம்பியைப் பிடித்துக் குலுக்கினான். வாய் அசைந்தது. சத்தம் வந்து சேரவில்லை.

"அண்ணை, நாங்கள் வரேக்க இதுதானே முன்பக்கம்?" என்றாள் பேபி.

"இப்ப பின்பக்கம். கிரீஸிலயும் இப்பிடித்தான். கரையில விட்டிட்டு வாற ஆளைக் கடைசி மட்டும் பாத்துக்கொண்டு போகலாம்."

பேபி பையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்தாள். பள்ளம் இடப்பக்கம் சரிந்திருந்தது. ஒரு கடி கடித்துவிட்டு, கையை வாயருகே குவித்துக் கரையைப் பார்த்துக் கத்தினாள்.

"தம்பி! அடுத்ததில வாங்கோ! வரேக்க ரிக்கெற் தேவையில்லை!"